பெயருக்குப் பொருள் தேடும் முன் அது வந்த வழியைத் தேடுங்கள்

ஆரவ் என்ற பெயருக்கு என்ன பொருள் என்று இணையத்தில் தேடிப் பாருங்கள். பெயர்ப் பட்டியல் போடும் தளங்கள் பலவற்றில் 'அமைதியானவன்' என்று இருக்கும். அப்புறம் ஒரு சமஸ்கிருத அகராதியை எடுத்து 'ஆரவ' என்ற சொல்லைப் பாருங்கள். ஒலி, கூச்சல், முழக்கம். 'ரவ' என்றாலே ஒலிதான். தமிழ் அகராதியும் ஆரவம் என்பதற்கு ஒலி என்றே சொல்கிறது. நேர் எதிர்ப் பொருள். எங்கோ ஒருவர் தப்பாக எழுத, அதை இன்னொருவர் எடுத்துப் போட, கடைசியில் அந்தத் தப்பே பொருளாகிவிட்டது. பெயரில் ஒரு குறையும் இல்லை. வீடு நிறையக் குழந்தையின் குரல் கேட்கட்டும் என்று நினைத்து வைத்தாலும் அழகான பெயர்தான். ஆனால் வைக்கிறவருக்கு உண்மையான பொருள் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

பெயர்களைப் பற்றிக் குறிப்பெடுக்கும் பழக்கம் எனக்குப் பல வருடமாக உண்டு. புதிதாக யாரைச் சந்தித்தாலும், செய்தியில் கேட்டிராத பெயர் ஒன்று கண்ணில் பட்டாலும் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, நேரம் கிடைக்கும்போது தேடுவேன். ஆரம்பத்தில் நானும் 'இந்தப் பெயருக்கு என்ன அர்த்தம்' என்றுதான் தேடினேன், கிடைத்ததில் பாதி பிறகு தப்பு என்று தெரியவந்தது. இப்போது முதல் கேள்வியை மாற்றிவிட்டேன். இந்தப் பெயர் எந்த மொழியில் பிறந்தது, எந்த வழியாக இங்கே வந்தது? இதற்கு விடை கிடைத்துவிட்டால் பொருள் பின்னாலேயே வந்துவிடும். அதைப் படிப்படியாக எப்படிச் செய்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலை: சரியான எழுத்து, சரியான உச்சரிப்பு

பெயர் எந்த மொழியுடையதோ அந்த மொழியின் எழுத்தில் அது எப்படி எழுதப்படுகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இதைத் தாண்டிக்கொண்டு போனால் பிறகு செய்வதெல்லாம் வீண். கமல், கமால் இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவது சமஸ்கிருதத் தாமரை. இரண்டாவது அரபு, 'நிறைவு, முழுமை' என்று பொருள். முஸ்தஃபா கெமால் அத்தாதுர்க்கின் பெயரில் இருப்பதும் இதுதான். தமிழில் ஒரு நெடில் இரண்டையும் பிரித்துக் காட்டிவிடுகிறது, ஆங்கில எழுத்தில் எழுதினால் இரண்டுக்கும் ஒரே எழுத்துக்கூட்டு, ஒரு வித்தியாசமும் தெரியாது. பட்டியல் தளங்களில் இவை ஒன்றோடொன்று கலந்து கிடப்பதற்கு இதுவே காரணம்.

ஜப்பானியப் பெயர்களில் இது இன்னும் முக்கியம். அங்கே பொருள் ஒலியில் இல்லை, எழுதும் எழுத்தில் இருக்கிறது. யுகி என்ற பெயரை உறைபனியைக் குறிக்கும் எழுத்தாலும் எழுதலாம், மகிழ்ச்சியைக் குறிக்கும் எழுத்தாலும் எழுதலாம், இரண்டு மூன்று எழுத்துகளைச் சேர்த்து வேறு விதமாகவும் எழுதலாம். முதல் எழுத்தை நீட்டி யூகி என்றால் 'துணிச்சல்' என்ற சொல்லே வந்துவிடும். ஆகவே 'யுகி என்றால் என்ன பொருள்' என்ற கேள்விக்கு விடையே கிடையாது. 'நீங்கள் எந்த எழுத்தில் எழுதுவீர்கள்' என்று கேட்டால்தான் விடை உண்டு. சீனப் பெயர்களுக்கும் இதே கதைதான்.

எது பெயர், எது அப்பா பெயர், எது ஊர்?

முழுப் பெயரைக் கையில் வைத்துக்கொண்டு எந்தத் துண்டு என்ன வேலை செய்கிறது என்று பிரியுங்கள். இதற்கு நமக்குக் கைவசமே ஒரு நல்ல பயிற்சி இருக்கிறது: மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார். மதுரை வாழ்ந்த ஊர், கூலவாணிகன் தானிய வியாபாரி, சீத்தலை இன்னொரு ஊர், 'ஆர்' மரியாதை விகுதி. இதையெல்லாம் கழித்தால் மிஞ்சும் சாத்தன்தான் அவருடைய பெயர். இந்தப் பிரிக்கும் பழக்கம் கைக்கு வந்துவிட்டால் உலகத்தில் எந்தப் பெயரையும் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

கணித அறிஞர் முகம்மது இப்னு மூசா அல்குவாரிஸ்மியை எடுத்துக்கொள்ளுங்கள். முகம்மது பெயர், இப்னு மூசா என்றால் மூசாவின் மகன், அல்குவாரிஸ்மி என்றால் மத்திய ஆசியாவின் குவாரிஸ்ம் பகுதியைச் சேர்ந்தவர். அவர் நூலை லத்தீனில் மொழிபெயர்த்தவர்கள் அந்தக் கடைசித் துண்டைத்தான் பெயராக எடுத்துக்கொண்டார்கள், இன்று கணினிக்காரர்கள் நாள் முழுக்கச் சொல்லும் அல்காரிதம் அதிலிருந்து வந்தது. சலாவுத்தீன் இன்னும் சுவையானவர். சிலுவைப் போர்க் காலத்தின் அந்தச் சுல்தானுடைய பெயர் யூசுஃப், அப்பா பெயர் அய்யூப். சலாவுத்தீன் என்பது 'மார்க்கத்தின் நேர்மை' என்று பொருள்படும் பட்டப்பெயர். பட்டம் நிலைத்து, பெயர் மறைந்துபோனது.

அரபியில் ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். 'அப்துல்' தனியாக நிற்கும் பெயர் அல்ல. 'அப்த்' என்றால் அடியார், 'உல்' அடுத்த சொல்லோடு ஒட்டும் துண்டு. அப்துல் கரீம் என்றால் 'கொடையாளனின் அடியார்', அங்கே கரீம் என்பது இறைவனின் பெயர்களில் ஒன்று. ஒருவரை அப்துல் என்று மட்டும் கூப்பிட்டால், 'உடைய அடியாரே' என்று பாதியில் நிறுத்துகிற மாதிரி.

ஐஸ்லாந்தில் பெரும்பாலானவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. 1980இல் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட விக்டிஸ் ஃபின்பொகாடோட்டிர் என்பவரின் இரண்டாவது பெயருக்கு 'ஃபின்பொகியின் மகள்' என்று மட்டுமே பொருள். எத்தியோப்பியாவிலும் இரண்டாவதாக வருவது அப்பா பெயர்தான். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் எத்தியோப்பியர் ஒருவரை மாதக்கணக்கில் அவருடைய அப்பா பெயரைச் சொல்லித்தான் எல்லாரும் கூப்பிட்டோம், ஏதோ ஒரு படிவத்தில் அது கடைசிப் பெயர் என்ற கட்டத்தில் விழுந்திருந்தது. அவர் பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் சாப்பிடும்போது பேச்சுவாக்கில் 'அது என் அப்பா' என்று அவர் சொன்னதும் எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. இனிஷியலை விரித்து எழுதிய பிறகு அப்பா பெயரால் அழைக்கப்பட்ட அனுபவம் நம்மில் பலருக்கும் உண்டு, அதனால் இது நமக்கே முதலில் தோன்றியிருக்க வேண்டும்.

சீன, கொரிய, ஹங்கேரியப் பெயர்களில் குடும்பப் பெயர் முன்னால் வரும் என்பதையும் நினைவில் வையுங்கள். சீனத்தில் ஒரே தலைமுறையில் பிறந்தவர்கள் ஓர் எழுத்தைப் பொதுவாக வைத்துக்கொள்ளும் வழக்கமும் உண்டு: மா சேதுங்கின் தம்பிகள் மா சேமின், மா சேதான். அந்தச் 'சே' தலைமுறைக்கு உரியது, தனி மனிதருக்காகத் தேர்ந்தெடுத்தது அல்ல.

காது ஏமாற்றும்

இப்போது மொழியைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒலி ஒன்றாக இருப்பதால் உறவு என்று முடிவு கட்டாதீர்கள். எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் இது. கிரண் என்றால் சமஸ்கிருதத்தில் ஒளிக்கதிர். அயர்லாந்தில் கீரன் என்று ஒலிக்கும் ஆண்பெயர் ஒன்று பரவலாக உண்டு, 'கறுத்தவன்' என்று அர்த்தம். அப்புறம் நம்முடைய கீரன் இருக்கிறார், நக்கீரன் என்று முன்னால் 'ந' சேர்த்துச் சொல்கிறோமே, அவர். மூன்றும் மூன்று ஊர், ஒன்றுக்கொன்று சொந்தமே இல்லை. இதே மாதிரி நயோமி என்பது எபிரேயத்தில் 'இனிமை', ஜப்பானியப் பெண்களுக்கும் அதே ஒலியில் தனியாக ஒரு பெயர் இருக்கிறது. லீலா சமஸ்கிருத விளையாட்டு, லைலா அரபு இரவு.

இதன் மறுபக்கம், கேட்க ஒட்டவே ஒட்டாத பெயர்கள் ஒரே வயிற்றுப் பிள்ளைகளாக இருப்பது. யோஹனான் என்ற எபிரேயப் பெயர், 'கடவுள் அருள்கூர்ந்தார்' என்று பொருள். கிரேக்கம், லத்தீன் வழியாக ஐரோப்பாவுக்குள் போனது. இங்கிலாந்தில் ஜான், பிரான்ஸில் ழான், ஸ்பெயினில் ஹுவான், இத்தாலியில் ஜொவான்னி, ரஷ்யாவில் இவான், ஜெர்மனியில் யோஹான், செல்லமாக ஹான்ஸ், ஸ்காட்லாந்தில் இயன், அயர்லாந்தில் ஷான். தமிழ்க் கத்தோலிக்கர்கள் ஒலியை விட்டுவிட்டுப் பொருளை எடுத்துக்கொண்டார்கள்: அருளப்பர். பவுல் என்பது லத்தீனில் 'சின்னவர்', அவர் சின்னப்பர் ஆனார். ஒலியைக் கொண்டுவந்த பெயர்களும் உண்டு, போர்த்துக்கீசியரின் ஜுஸே (அதாவது ஜோசப்) தமிழ் வாயில் சூசை ஆனது. ஆக ஒரு பெயர் எல்லை தாண்டும்போது ஒலி வரலாம், பொருள் வரலாம். எது வந்திருக்கிறது என்று பாருங்கள்.

சிக்கந்தரும் இப்படித்தான். கிரேக்க அலெக்சாண்டர், 'மனிதரைக் காப்பவன்'. அரபு காதுக்கு முன்னால் நின்ற 'அல்' தங்கள் மொழியின் முன்னொட்டு மாதிரி கேட்டது, அதைக் கழற்றினார்கள், இஸ்கந்தர் ஆயிற்று. பாரசீகம் வழியாக இந்தியாவுக்குள் வந்து சிக்கந்தர். சிக்கந்தர் என்ற சொல்லை அரபு அகராதியில் எவ்வளவு தேடினாலும் வேர் கிடைக்காது, ஏனென்றால் அது அங்கே பிறக்கவில்லை.

உடைத்துப் பாருங்கள்

மொழி தெரிந்துவிட்டதா, சரி, இனி உடைக்கலாம். பழைய பெயர்களில் பலவும் இரண்டு சொல் சேர்ந்தவை. 'கடவுள் தந்த கொடை' என்ற ஒரே எண்ணத்தை எத்தனை மொழிகள் எப்படிச் சொல்லியிருக்கின்றன என்று பாருங்கள்: கிரேக்கத்தில் தியோடர், அதையே முன்பின்னாக மாற்றினால் டோரத்தி. எபிரேயத்தில் நத்தானியேல், யோனத்தான், மத்தேயு. ஸ்லாவிய மொழிகளில் போக்தான், அரபியில் அதாவுல்லா, பாரசீகத்தில் குதாதாத், சமஸ்கிருதத்தில் தேவதத்தன். போக்தானில் உள்ள 'போக்' பகவானில் உள்ள 'பக'வுக்கு உறவு. தியோடரின் பின்பாதியில் உள்ள கொடைச் சொல்லும் தேவதத்தனின் 'தத்த'வும் ஒரே வேர். ஆனால் முன்பாதியில் உள்ள கிரேக்கத் 'தியோஸ்' சமஸ்கிருதத் 'தேவ'வுக்கு உறவு கிடையாது, பார்க்க இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தாலும். 'தேவ'வுக்கு உண்மையான உறவு லத்தீன் 'தெயுஸ்'.

உடைப்பதில் உறுதியான பயிற்சி வேண்டுமானால் பரிதிமாற் கலைஞரையும் மறைமலை அடிகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். சூரிய நாராயண சாஸ்திரி என்ற பெயரைத் துண்டு துண்டாக எடுத்து, சூரியனுக்குப் பரிதி, நாராயணனுக்கு மால், சாஸ்திரிக்குக் கலைஞர் என்று மாற்றி வைத்தார் ஒருவர். வேதாசலம் என்பதை வேதம், அசலம் என்று பிரித்து மறை, மலை என்று வைத்தார் மற்றவர். பெயரை எந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்று தெரிந்தவர்கள். பரிதிமால், கலைஞரோடு புணரும்போது பரிதிமாற் ஆவதைக்கூட விடவில்லை.

வெட்டுகிற இடம் தப்பினால் பொருள் தலைகீழாகும். மைக்கேல் என்ற பெயருக்குக் 'கடவுளைப் போன்றவன்' என்று பல பட்டியல்களில் பார்த்திருப்பீர்கள். எபிரேயத்தில் 'மி' என்றால் யார், 'கா' என்றால் போல, 'ஏல்' என்றால் கடவுள். கடவுளைப் போல யார் உண்டு? அது ஒரு கேள்வி, யாரும் இல்லை என்பதே அதற்குள் இருக்கும் பதில். கேள்விக்குறியை விட்டுவிட்டு எழுதினால் அந்தப் பெயரைச் சூட்டிய சமயம் எதை மறுக்கிறதோ அதையே சொன்ன மாதிரி ஆகிவிடுகிறது.

அரபுப் பெயர் என்றால் மூன்று மெய்யெழுத்து வேரைத் தேடுங்கள். ஹ், ம், த் என்ற வேர் புகழைக் குறிக்கும். முகம்மது, அகமது, மஹ்மூத், ஹமீது எல்லாம் அதிலிருந்து கிளைத்தவை. ஸ், ல், ம் என்ற வேரிலிருந்து சலாம், சலீம், சல்மா. ஒரு வேரைப் பிடித்துக்கொண்டால் பத்துப் பெயர் புரியும்.

பழைய ஜெர்மானியப் பெயர்களில் மட்டும் ஒரு எச்சரிக்கை. ஃப்ரெடரிக் என்பதில் 'அமைதி', 'ஆட்சி' என்று இரண்டு சொல் இருப்பது உண்மை. அதற்காக 'அமைதியாக ஆள்பவன்' என்று வாக்கியமாக்க வேண்டியதில்லை. பழைய ஆங்கிலப் பெயர்களும் இந்த வகைதான். 11ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வூஸ்டர் நகர ஆயராக இருந்த வுல்ஃப்ஸ்டன் எப்படிப் பெயர் பெற்றார் தெரியுமா? அம்மா வுல்ஃப்கிஃபு, அப்பா ஏதல்ஸ்டன். அம்மாவிடமிருந்து ஓநாயைக் குறிக்கும் முன்பாதி, அப்பாவிடமிருந்து கல்லைக் குறிக்கும் பின்பாதி. ஓநாய்க் கல் என்று பிள்ளைக்கு யாரும் ஆசைப்பட்டு வைக்கவில்லை, இரண்டு பேருடைய பெயரிலும் பாதி பாதி பிள்ளைக்குப் போக வேண்டும் என்றுதான் வைத்தார்கள். பெற்றோர் பெயரைச் சேர்த்துப் பிள்ளைக்குப் பெயர் வைப்பது இன்றைய பழக்கம் என்று நினைப்பவர்களுக்கு இதை நான் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

எங்கே தேடுவது

பெயர்ப் பட்டியலில் தேடாதீர்கள், அகராதியில் தேடுங்கள். இது ஒன்றை மட்டும் பின்பற்றினாலே பெரும்பாலான தப்புகள் குறைந்துவிடும். தமிழ்ச் சொல் என்று தோன்றினால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன், 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. ஒரு சொல் வேறு மொழியிலிருந்து வந்திருந்தால் அதையும் பக்கத்திலேயே குறிப்பிடும். திராவிட வேர் தெரிய வேண்டுமானால் பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி. சமஸ்கிருதத்துக்கு மோனியர் வில்லியம்ஸ் 1899இல் வெளியிட்ட பதிப்பு. மூன்றும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அரபுக்கு லேன் தொகுத்த அகராதி இருக்கிறது, வேர்வாரியாக அடுக்கியிருப்பார்கள், அதனால் வேரைப் பிரிக்கத் தெரிந்திருக்க வேண்டும். பொதுவான தொடக்கத்துக்கு 'பிஹைண்ட் த நேம்' என்ற தளம் நல்லது, மொழியையும் வழியையும் சேர்த்துச் சொல்கிறது, உறுதி இல்லாத இடத்தில் உறுதி இல்லை என்று எழுதுகிறது. மரியா என்ற பெயரின் மூலமான மிரியமுக்குக் கசப்பு, கலகம், அன்பு என்று பல விளக்கங்கள் உண்டு, அறிஞர்கள் ஒரு முடிவுக்கு வரவில்லை. அதற்கு ஒரே சொல்லில் பொருள் போட்டு முடித்துவிடும் பக்கத்தைப் பார்த்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடலாம்.

என்னுடைய சோதனை எளிமையானது. ஒரு பக்கம் பொருளை மட்டும் சொல்லி மொழியைச் சொல்லாவிட்டால் நம்பமாட்டேன். மொழியைச் சொல்லி வேர்ச்சொல்லைச் சொல்லாவிட்டால் நானே அகராதியில் பார்ப்பேன். எந்தப் பெயருக்கும் 'தைரியசாலி', 'அழகானவள்', 'தெய்வீகமானவர்' என்றே போட்டுக்கொண்டு போனால் வேறு இடம் தேடுவேன்.

பெயரின் வயதையும் பாருங்கள். வனெஸா என்றால் கிரேக்கத்தில் பட்டாம்பூச்சி என்று எழுதுபவர்கள் உண்டு. ஜொனாதன் ஸ்விஃப்ட் என்ற எழுத்தாளர் 18ஆம் நூற்றாண்டில் ஒரு கவிதைக்காகத் தானே உருவாக்கிய பெயர் அது, தனக்குத் தெரிந்த ஒரு பெண்ணின் குடும்பப் பெயரிலிருந்து 'வன்', எஸ்தர் என்ற முதற்பெயரின் செல்ல வடிவத்திலிருந்து 'எஸா'. ஒரு வகைப் பட்டாம்பூச்சி இனத்துக்கு அறிவியலில் வனெஸா என்று பெயர் வைத்தது அதற்குப் பிறகு, 1807இல். வரிசையைக் கவனித்தால் போதும், எது எதிலிருந்து வந்திருக்க முடியாது என்று புரிந்துவிடும். நாட்டுப் பதிவேடுகளும் உதவும்: அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் 1880 முதல் குழந்தைகளுக்கு வைத்த பெயர்களின் எண்ணிக்கையை ஆண்டுவாரியாக வெளியிடுகிறது.

சொல்லுக்குப் பொருள் ஒன்று, வைத்ததற்குக் காரணம் வேறு

இதுதான் எனக்கு மிகவும் நெருக்கமான பகுதி, அகராதி கைவிடும் இடமும் இதுதான். டொலோரஸ் என்றால் ஸ்பானிய மொழியில் துயரங்கள். எந்த அம்மாவும் பெண்ணுக்குத் துயரம் வரட்டும் என்று பெயர் வைக்கமாட்டாள். அது வியாகுல மாதாவின் பெயர், மாதாவின் மீதுள்ள பக்தியால் வைப்பது. மெர்சிடஸும் அப்படி மாதாவின் பெயரில் வந்ததுதான், 'கருணைகள்' என்று பொருள். காருக்கு அந்தப் பெயர் வந்தது, அந்தக் கார்களை விற்ற எமில் யெல்லினெக் என்பவரின் மகளிடமிருந்து. சேவியர் என்றால் பாஸ்கு மொழியில் 'புது வீடு', 1506இல் புனித பிரான்சிஸ் சேவியர் பிறந்த கோட்டையின் பெயர். பிள்ளைக்குச் சேவியர் என்று வைப்பவர்கள் அந்தப் புனிதரைத்தான் நினைக்கிறார்கள். ஸ்டாலின் என்று வைத்தவர்களும் எஃகை நினைத்து வைக்கவில்லை. சோவியத் காலத்தில் நினெல் என்று பெண்களுக்குப் பெயர் வைத்தார்கள், அதை ரஷ்ய எழுத்தில் பின்னாலிருந்து படித்தால் லெனின். அதை எந்த வேர்ச்சொல் அகராதியில் தேடுவீர்கள்?

கானா நாட்டு அகான் மக்களிடம் பிறந்த கிழமையே பெயர். ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த கோஃபி அன்னான் 1938 ஏப்ரல் 8இல் பிறந்தார், வெள்ளிக்கிழமை; கோஃபி என்றால் வெள்ளியில் பிறந்த ஆண். அவருக்கு அட்டா என்றும் ஒரு பெயர் உண்டு, இரட்டைப் பிள்ளை என்று அர்த்தம், உடன் பிறந்த சகோதரி ஏஃபுவா அட்டா, அதுவும் வெள்ளிதான், பெண்ணுக்கு உரிய வடிவம். அன்னான் என்றால் நான்காவது பிள்ளை. பிறந்த கிழமை, இரட்டை என்ற செய்தி, பிறந்த வரிசை எல்லாம் ஒரே பெயரில் இருக்கின்றன, ஒரு பிறப்புச் சான்றிதழ் மாதிரி.

இனி, படிக்கும்போது சட்டென்று மனதைப் பிசையும் பெயர்கள். குப்பன், குப்பம்மாள், பிச்சை. இவற்றின் பொருளை அகராதியில் பார்த்துவிட்டு இழிவாக நினைப்பவர்கள் இருக்கிறார்கள். முன்னால் பிறந்த குழந்தைகள் தங்காமல் போன வீட்டில், இந்தப் பிள்ளையாவது யார் கண்ணிலும் படாமல் பிழைக்கட்டும் என்று குப்பையில் புரட்டி எடுத்தும், பிச்சையாக வாங்கியதாகச் சொல்லியும் வைத்த பெயர்கள் இவை. உலகம் முழுக்க இதே அச்சம், இதே தந்திரம். மங்கோலியாவில் நெர்குய், 'பெயர் இல்லை'. எனெபிஷ், 'இது அல்ல'. சீனக் கிராமங்களில் கோஷெங், 'நாய் மிச்சம் வைத்தது'. நைஜீரியாவில் பேசும் யொரூபா மொழியில் மலோமோ, 'இனிமேல் போகாதே'. அதே மொழியில் துரோஜாயே, 'இருந்து வாழ்க்கையை அனுபவி'. துருக்கியில் துர்சுன், 'நிலைக்கட்டும்'. துரோ, துர் இரண்டும் நில், இரு என்ற பொருளில் ஒன்றுபோலவே ஒலிப்பது தற்செயல், இரண்டு மொழிக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஆனால் அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்த அம்மாக்களின் மனது தற்செயல் அல்ல. இந்த வகைப் பெயர் எதிர்ப்பட்டால் வெறும் சொல்லின் பொருளை எழுதிவிட்டுப் போகாதீர்கள், ஏன் வைத்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

கேட்பது எப்படி

பெயருக்கு உரியவரோ அவர் வீட்டுப் பெரியவரோ இருந்தால் எல்லா அகராதிக்கும் முன்னால் அவர்களிடம் கேளுங்கள். 'உங்கள் பெயருக்கு என்ன அர்த்தம்' என்று தொடங்கினால் பலருக்குப் பதில் தெரியாது, கூச்சப்படுவார்கள். 'உங்களுக்கு யார் பெயர் வைத்தது' என்று தொடங்குங்கள். தாத்தா, அத்தை, ஒரு ஆசிரியர், பிறந்த அன்று நடந்த ஏதோ ஒன்று என்று கதை வரும். பிறகு வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள் என்று கேளுங்கள், செல்லப் பெயர் சில சமயம் முழுப் பெயரைவிடப் பழையதாக இருக்கும். எப்படி எழுதுவார்கள், சொல்லிக் காட்ட முடியுமா என்று கடைசியில் கேளுங்கள். நீங்கள் அகராதியில் கண்டுபிடித்த பொருள் அவர் இத்தனை நாள் நம்பிய பொருளுக்கு மாறாக இருந்தால், கேட்டால் மட்டும் சொல்லுங்கள், நாலு பேர் முன்னால் சொல்லாதீர்கள். துருக்கியில் யெதெர் என்று பெண்களுக்குப் பெயர் உண்டு, 'போதும்' என்று பொருள். நம்மிடமும் போதும்பொண்ணு என்ற பெயர் இருந்திருக்கிறது. அந்தப் பெயரோடு ஒரு பெண் எப்படி வாழ்ந்தார் என்பதை அவர் சொன்னால் கேட்கலாம், நாம் விளக்கம் சொல்லக் கூடாது.

குழந்தைக்குப் பெயர் தேடிக்கொண்டிருப்பவர்கள் இதே வழியைத் திருப்பிப் போட்டால் போதும். பிடித்த ஒலியை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள், அது எந்த மொழி என்று பாருங்கள், அகராதியில் வேர்ச்சொல்லை உங்கள் கண்ணாலேயே பாருங்கள். குழந்தை வளரப்போகும் இடத்தில் பேசும் மொழிகளில் அந்த ஒலிக்கு வேறு ஏதாவது பொருள் இருக்கிறதா என்று அந்த மொழி பேசுகிற ஒருவரிடம் கேளுங்கள். கியாரா மாதிரி புதுப் பெயர் என்றால் இத்தாலியின் கியாராவிலிருந்து வந்ததா என்று பாருங்கள், லத்தீன் 'கிளாரா'தான் அதற்கு மூலம், 'தெளிவானவள், ஒளியானவள்'. சமஸ்கிருதத்தில் தேடிக் களைத்துப்போக வேண்டியதில்லை.

கண்டுபிடித்ததை எழுதி வைக்கும்போது பொருளை மட்டும் எழுதாமல் வழியையும் சேர்த்து எழுதுங்கள். என் நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது: 'சூசை. எபிரேயம் யோசேஃப், "அவர் இன்னும் கூட்டுவார்". கிரேக்கம், லத்தீன், போர்த்துக்கீசியம் ஜுஸே, தமிழ் சூசை. இதே பெயர் அரபியில் யூசுஃப். இவருக்கு வைத்தது தாத்தா. காரணம்: தாத்தாவின் அப்பா பெயர். வீட்டில் கூப்பிடுவது: சூசு.'